ஈறு நோய்க்கு மாத்திரையும் வைட்டமினும்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

வாசகர் கேள்வி: டாக்டர், எனக்கு 52 வயது. எட்டு வருடமாக சுகர், மெட்ஃபார்மின் போடுகிறேன். பிபிக்கு இரண்டு வருடமாக அம்லோடிபின். மூன்று வருடமாகப் பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறது. நான்கு மாதத்துக்கு முன் ஈறுக்கு அடியில் ஆழமாக சுத்தம் செய்தார்கள், பாதி குறைந்தது. ஆனால் மூன்று இடத்தில் இன்னும் 6 மில்லிமீட்டர் பாக்கெட் (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விழுந்த பள்ளம்) இருக்கிறது, ஃப்ளாப் ஆபரேஷன், அதாவது ஈறைத் திறந்து சுத்தம் செய்வது, செய்துவிடலாம் என்கிறார்கள். முன்பற்களுக்கு நடுவிலும் ஈறு உப்பி நிற்கிறது. போன மாதம் வீட்டில் மீதியிருந்த அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் ஐந்து நாள் போட்டேன், ரத்தம் சுத்தமாக நின்றது. இரண்டே வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. இன்னொரு ரவுண்டு போடலாமா? என் தம்பி ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான்: வைட்டமின் சி 1000 மி.கி., வைட்டமின் டி, கோ-கியூ 10, மீன் எண்ணெய், டாக்சிசைக்ளின் 100 மி.கி. இதையெல்லாம் சேர்த்துப் போட்டால் ஆபரேஷனே வேண்டாம் என்கிறான். உண்மையா? கடைசியாகப் பார்த்த ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சுகர்) 8.4.

பதில்: முதலில் அந்த ஆன்டிபயாடிக்கை இன்னொரு ரவுண்டு போடாதீர்கள். மீதி மாத்திரை இருந்தால் மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வீட்டில் வைக்க வேண்டாம். மற்றதை எல்லாம் நிதானமாகப் பேசலாம். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன, அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

ரத்தம் நின்றது, திரும்ப வந்தது, ஏன்? ஆழமான பாக்கெட் இருந்த ஒரு பல்லைப் பிடுங்கி வேரைப் பார்த்தால் உங்களுக்கே புரிந்துவிடும். பல்லில் கெட்டியாகப் படியும் காரை, ஈறுக்கு மேலே மஞ்சளாக இருக்கும், லேசாகச் சுரண்டினால் உதிரும். ஈறுக்கு அடியில் வேரோடு ஒட்டியிருப்பது கரும்பச்சையாக, சில நேரம் முழுக் கறுப்பாக இருக்கும், கருவியை அழுத்தி இழுத்தால்தான் சின்னச் சின்ன சில்லாகப் பெயரும். கை விரலால் தடவினால் மணல் தாள் போல சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பின் மேல் பாக்டீரியா ஒரு படலமாகக் கூடு கட்டி வாழ்கிறது. தனித்தனியாக மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவு மருந்து, இந்தப் படலத்துக்குள் இருக்கும் அதே கிருமியை ஒன்றும் செய்யாமல் போகலாம். ரத்தம் வழியாகப் போகும் மாத்திரை ஈறுக்குள் இருப்பதையும் பாக்கெட்டில் மிதப்பதையும் குறைத்துவிடும், ரத்தக்கசிவு நிற்கும், வாய் நாற்றம்கூடப் போகும். ஆனால் காரையும் படலமும் இருந்த இடத்திலேயே இருக்கும். மருந்து நின்ற பிறகு அங்கிருந்தே எல்லாம் திரும்ப வளரும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் ஜோடி ஒன்றும் மோசமான மருந்து இல்லை. 1989இல் நெதர்லாந்தில் வான் விங்கெல்ஹாஃப் குழுவினர் இதை ஈறு நோய்க்குப் பயன்படுத்திய முடிவை வெளியிட்டதிலிருந்து நாங்களும் எழுதுகிறோம். ஆனால் எப்போது? இளம் வயதிலேயே எலும்பு வேகமாகக் கரைகிறவர்களுக்கு. அதுவும் வேரைச் சுத்தம் செய்து முடிக்கிற கையோடு, படலம் கலைந்து கிடக்கும்போது. சுத்தம் செய்து மூன்று மாதம் கழித்து, படலம் மறுபடியும் கட்டிவிட்ட பிறகு, தனியாக ஐந்து நாள் போடுவதில் பலன் ரொம்பக் குறைவு. வயிற்றுப்போக்கு, அலர்ஜி, கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போவது எல்லாம் மட்டும் முழுசாக வரும். மெட்ரோனிடசோலோடு மது கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் போடுகிறவர்களுக்கு அது ரத்தப்போக்கையே உண்டாக்கிவிடும். உங்களுக்கு இவை பொருந்தாவிட்டாலும், நல்லதாச்சே என்று வேறு யாருக்கும் அந்த அட்டையை எடுத்து நீட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, டாக்சிசைக்ளின். தம்பி இதை எங்கிருந்து எடுத்தார் என்று எனக்குத் தெரியும், அதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஈறு நோயைப் பற்றி நாங்கள் யோசிக்கும் விதத்தையே மாற்றிய விஷயம் அது.

பல்லைத் தாங்கும் எலும்பையும் நாரையும் கிருமி நேராகக் கடித்துத் தின்பதில்லை. கிருமியோடு சண்டை போட வருகிற நம் சொந்த வெள்ளை அணுக்கள் கொலாஜினேஸ் என்ற நொதியைக் கொட்டுகின்றன. கொலாஜன் என்பது ஈறையும் நாரையும் கட்டி வைத்திருக்கும் புரதம், அதை இந்த நொதி வெட்டிப் போடுகிறது. சண்டை வருடக்கணக்கில் ஓயாமல் நடந்தால் இழப்பு நம் பக்கம்தான். 1980களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி ப்ரூக் பல்கலைக்கழகத்தில் லார்ன் கோலப் என்ற ஆராய்ச்சியாளர், சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்கு மினோசைக்ளின் கொடுத்தார். ஈறில் அந்த நொதியின் வேகம் குறைந்தது. அட, கிருமி செத்ததால் குறைந்திருக்கும் என்றுதானே யாரும் சொல்வோம்? ஆனால் உடம்பில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளிலும் அதே குறைவு தெரிந்தது. கொல்ல ஒரு கிருமிகூட இல்லாத இடத்தில் அந்த மருந்து நொதியை அடக்கியிருக்கிறது. மினோசைக்ளினும் டாக்சிசைக்ளினும் சேர்ந்த டெட்ராசைக்ளின் குடும்பத்துக்கு ஆன்டிபயாடிக் வேலை தவிர இன்னொரு வேலையும் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அதிலிருந்து வந்ததுதான் 20 மி.கி. டாக்சிசைக்ளின், நாளைக்கு இரண்டு வேளை, மூன்று மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை. 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்த அளவு கிருமியைக் கொல்லப் போதாது, வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்கள், நொதியை மட்டும் அடக்க வேண்டும் என்று. உங்கள் தம்பி எழுதியிருக்கும் 100 மி.கி. வேறு சங்கதி. அது முழு ஆன்டிபயாடிக். அதை மாதக்கணக்கில் போட்டால் உடம்பில் உள்ள எல்லாக் கிருமிகளுக்கும் அந்த மருந்தோடு பழகிக்கொள்ளப் பயிற்சி கொடுப்பது போல ஆகிவிடும். 100ஐ ஐந்தாக உடைத்தும் பார்க்காதீர்கள், கேப்சூலைப் பிரித்துத் தூளை வாயில் போட்டால் உணவுக்குழாயில் புண் வரும்.

அந்த 20 மி.கி. கிடைத்தால் போடலாமா? அறிவுரை எழுதுகிற பெரிய அமைப்புகளே இதில் ஒத்துப்போகவில்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015இல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, ஆழச் சுத்தம் மட்டும் செய்தால் ஈறு பல்லோடு மறுபடி ஒட்டுவது சராசரியாக அரை மில்லிமீட்டர், இந்தக் குறைந்த அளவு டாக்சிசைக்ளினைச் சேர்த்தால் அதற்கு மேல் 0.35 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டு, பயன்படுத்தலாம் என்றது. ஐரோப்பிய ஈறு நோய் மருத்துவக் கூட்டமைப்பு 2020இல் கொடுத்த வழிகாட்டியோ, வேண்டாம் என்கிறது. இவ்வளவு சின்ன லாபத்துக்கு இவ்வளவு நாள் ஒரு மருந்தா என்பதுதான் என் தயக்கமும். சராசரி என்பதால் ஆழமான இடத்தில் பலன் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், உண்மைதான். ஆனாலும் 6ஐ 4 ஆக்குகிற சக்தி அந்த மாத்திரைக்கு இல்லை. சுத்தம் முழுமையாக நடந்து, சுகரும் கட்டுக்குள் வந்து, அப்படியும் பல இடங்களில் நோய் அடங்காமல் இருந்தால் நான் அதைப் பற்றிப் பேசுவேன். இன்றைய நிலையில் உங்களுக்கு அதை எழுதமாட்டேன்.

உங்கள் நிலைமைக்கு, அதாவது மூன்றே மூன்று இடம் மிச்சம் என்ற நிலைமைக்கு, நியாயமான மருந்து வேறு ஒன்று இருக்கிறது, அது பட்டியலிலேயே இல்லை. பாக்கெட்டுக்குள்ளேயே நேராக வைக்கிற மருந்து. குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினி வைத்த சிப் என்பது விரல் நகத்தை விடச் சின்ன ஒரு ஜெலட்டின் தகடு, 2.5 மி.கி. மருந்து அதில் இருக்கிறது, இடுக்கியால் பிடித்து பாக்கெட்டுக்குள் சொருகினால் ஒரு வாரம் பத்து நாளில் கரைந்துவிடும், எடுக்க வேண்டியதில்லை. டாக்சிசைக்ளின் ஜெல், மினோசைக்ளின் துகள்கள் என்றும் உண்டு. மருந்து தேவையான இடத்தில் மட்டும் அதிக அளவில் இருக்கும், வயிறு வழியாகப் போய் ரத்தத்தில் கலந்து வர வேண்டியதில்லை. 2015 கணக்கில் சிப்புக்குக் கிடைத்த கூடுதல் லாபம் 0.40 மில்லிமீட்டர். இதுவும் அதிசயம் கிடையாது. ஆனால் மறுபடி அந்த மூன்று வேரையும் சுத்தம் செய்துவிட்டு வைத்தால், முழு உடம்பையும் தொந்தரவு செய்யாமல் ஒரு முயற்சி. வைத்த பிறகு பத்து நாள் அந்த இடுக்கில் மட்டும் ஃப்ளாஸ் போடக் கூடாது. அடுத்த முறை போகும்போது இதைக் கேளுங்கள்.

மவுத்வாஷ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒன்று கண்டிப்பாக வைத்திருப்பீர்கள். குளோரெக்சிடின் மவுத்வாஷ் ஆபரேஷனுக்கு அப்புறமோ ஆழச் சுத்தத்துக்கு அப்புறமோ இரண்டு வாரத்துக்கு நல்ல துணை. மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை, நாக்கில் ருசி மாறிப்போவது. பாக்கெட்டின் அடிவரை அது போவதுமில்லை. பற்பசையின் நுரைப் பொருள் அதன் வேலையைக் கெடுக்கும், அதனால் துலக்கி அரை மணி நேரம் விட்டுக் கொப்பளிக்க வேண்டும்.

இனி வைட்டமின்கள். வைட்டமின் சி இல்லாவிட்டால் உடம்பால் நல்ல கொலாஜன் கட்ட முடியாது, இது சத்தியம். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஈறு அழுகிப் பல் ஆடிக்கொண்டிருந்த 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆளுக்கொரு வைத்தியம் பார்த்ததில், ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரும் ஒரு வாரத்திலேயே தேறினார்கள். ஆனால் அவர்களுக்கு வந்தது ஸ்கர்வி, மாதக்கணக்கில் பழமோ காயோ கண்ணில் பார்க்காதவர்கள். பற்றாக்குறை இருந்த இடத்தில் கொடுத்தார், தேறினார்கள். பழமும் காயும் தினமும் சாப்பிடுகிறவருக்கு ஒரு நாள் தேவை 100 மி.கி.க்கும் கீழே, அது சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். மேலே 1000 போட்டால் ஈறு அதைப் பதுக்கி வைத்துக்கொள்ளாது, பெரும்பகுதி சிறுநீரில் போகும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு அவ்வளவு அளவு ஆகவும் ஆகாது. உங்களுக்கென்று இன்னொரு எச்சரிக்கை: கையில் ஒட்டிக்கொள்ளும் சுகர் சென்சார் பயன்படுத்துகிறீர்களா? சில வகை சென்சார்களில் நாளைக்கு 500 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி போனால் சுகரை இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி யாராவது இன்சுலினைக் கூட்டினால் ஆபத்து. பழம், காய் குறைவாகச் சாப்பிடுகிறவர் என்றால் சாப்பாட்டை மாற்றுங்கள், அதுவரை சின்ன அளவு மாத்திரை போதும்.

வைட்டமின் டி பற்றி நான் வேறு மாதிரி சொல்வேன். ஊகித்துப் போடாதீர்கள், ரத்தத்தில் அளந்து பாருங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு, அதைச் சரி செய்தே ஆக வேண்டும், ஈறுக்காக மட்டுமில்லை, இடுப்பு எலும்புக்கும் முதுகெலும்புக்கும் சேர்த்து. அளவு சரியாக இருக்கும்போது மேலும் மேலும் போட்டால் பாக்கெட் குறையாது, ரத்தத்தில் கால்சியம்தான் ஏறும். இதே ரத்தப் பரிசோதனையில் பி12ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு அது குறைவது சகஜம். வாய் எரிச்சல், நாக்கு சிவந்து வழவழப்பாவது எல்லாம் அதனால் வரும், அதையும் ஈறு நோய் என்று நினைத்துக்கொண்டு அலைவார்கள்.

மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பிலிருந்து உடம்பு சில பொருட்களைச் செய்கிறது, வீக்கத்தை அணைக்கிற வேலை அவற்றுக்கு. படிக்கும்போது ரொம்ப நம்பிக்கையாக இருக்கும். சின்ன ஆய்வுகளில், குறிப்பாகக் குறைந்த அளவு ஆஸ்பிரினோடு சேர்த்துக் கொடுத்தபோது, பலன் தெரிந்திருக்கிறது. ஆனாலும் 2020 வழிகாட்டி ஈறு சிகிச்சைக்கென்று அதைப் பரிந்துரைக்கவில்லை. வேறு காரணத்துக்காக ஏற்கெனவே போடுகிறீர்கள் என்றால் நிறுத்த வேண்டாம், ஆபரேஷனுக்கு முன் மறக்காமல் சொல்லுங்கள். ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக ஆரம்பிக்கவே கூடாது. கோ-கியூ 10ஐப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

இப்போது நான் முதலில் சொன்ன அந்த இரண்டு விஷயம்.

ஒன்று, அம்லோடிபின். இந்த வகை பிபி மாத்திரைகளில் சிலருக்கு ஈறு தடித்து வளரும். பெரும்பாலும் முன்பற்களின் நடுவில்தான் ஆரம்பிக்கும், இரண்டு பல்லுக்கு நடுவே இருக்கும் ஈறு முக்கோணம் மொட்டு மாதிரி உப்பி நிற்கும். வலிப்பு நோய்க்கான ஃபெனிடோயின், உறுப்பு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் இரண்டும் இதே வேலையைச் செய்யும். நீங்கள் "உப்பி நிற்கிறது" என்று எழுதியதைப் படித்தவுடன் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இது. ஏன் முக்கியம் என்றால், பாக்கெட்டைக் கம்பியால் ஈறின் விளிம்பிலிருந்துதான் அளக்கிறோம். எலும்பு அப்படியே இருந்து, ஈறு மட்டும் மேலே 2 மில்லிமீட்டர் வளர்ந்திருந்தாலும், 4 என்று இருக்க வேண்டியது 6 என்று வரும். உங்கள் மூன்று இடங்களில் ஏதாவது முன்பல் பக்கம் இருந்தால், அதில் எவ்வளவு நிஜ ஆழம், எவ்வளவு வீக்கம் என்று எக்ஸ்ரேயில் எலும்பின் மட்டத்தைப் பார்த்துப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பிபி எகிறினால் ஈறைவிடப் பெரிய விபரீதம். உங்கள் பொது மருத்துவரிடம் போய், ஈறு வீங்கியிருக்கிறது, வேறு வகை பிபி மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் முடியும். மாற்றிய பின் சில வாரம், சில மாதத்தில் ஈறு இறங்கத் தொடங்கும், நன்றாகச் சுத்தம் செய்துகொண்டே இருந்தால் இன்னும் வேகமாக. ஈறைச் சரி செய்ய ஐந்து மாத்திரை சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், ஒருவேளை ஒரு மாத்திரையை மாற்றுவதுதான் உங்களுக்கு மருந்தாக இருக்கும்.

இரண்டு, அந்த 8.4. சுகர் அதிகமாக இருக்கும்போது வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வதில் சோம்பலாகவும், நொதியைக் கொட்டுவதில் தாராளமாகவும் நடந்துகொள்கின்றன, காயமும் மெதுவாகவே ஆறும். உங்களுக்கு ஆழச் சுத்தம் பாதி மட்டும் பலித்ததற்கு இதுவே போதுமான காரணம். இது இரு பக்கமும் வேலை செய்கிற உறவு. ஈறு நோய்க்கு நல்ல சிகிச்சை எடுத்த சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று, நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவுக்குக் குறைகிறது. ஒரு கூடுதல் சுகர் மாத்திரையின் பலனுக்குப் பக்கத்தில் வருகிற எண் இது. என் நோயாளி ஒருவர், கிட்டத்தட்ட உங்கள் வயது, ஆறு மாதம் சுகரைப் பிடிவாதமாகக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முன்னால் கம்பியை வைத்தாலே ரத்தம் கொட்டிய ஈறு, அன்றைக்கு வெளிறிய இளஞ்சிவப்பில் இறுக்கமாகப் பல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் இடையில் ஒரு முறை சுத்தம் செய்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. புகை பிடிப்பீர்களா என்று எழுதவில்லை. பிடித்தால் அதை விடாமல் மேலே சொன்ன எதுவும் சரியாகப் பலிக்காது.

அப்புறம் ஆபரேஷன். நான்கு மாதம் கழித்தும் 6 மில்லிமீட்டர் இருந்தால் ஈறைத் திறந்து சுத்தம் செய்யலாம் என்பது சரியான யோசனைதான், உங்கள் பல் மருத்துவர் அவசரப்படவில்லை. 4, 5 என்றால் திறக்காமலே மறுபடி சுத்தம் செய்தால் போதும், 6ஓ அதற்கு மேலோ போனால் திறக்காமல் அடிவரை கருவி போவது கஷ்டம், கண்ணுக்கும் தெரியாது. ஆனால் 8.4 சுகரோடும், மாத்திரையால் உப்பியிருக்கக்கூடிய ஈறோடும் இன்றைக்கே போய்ப் படுக்க வேண்டிய அவசரமும் இல்லை. நானாக இருந்தால் இப்படிச் செய்வேன்: பிபி மாத்திரை பற்றிப் பேசிவிட்டு, ஹெச்பிஏ1சியை 7 பக்கம் கொண்டுவர மூன்று மாதம் எடுத்துக்கொண்டு, அதற்கிடையில் அந்த மூன்று இடத்தையும் மறுபடி சுத்தம் செய்து சிப் வைத்துவிட்டு, மூன்றாம் மாதம் திரும்ப அளப்பேன். அப்போதும் 6 என்று வந்து ரத்தமும் வந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போட மாட்டேன். இடையில் சீழ் வந்தாலோ பல் ஆட ஆரம்பித்தாலோ மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே போய்விடுங்கள்.

இந்த மூன்று மாதமும் வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், இன்டர்டென்டல் பிரஷ். அந்தக் குட்டி பிரஷ் பல்லிடுக்கில் நுழையும்போது லேசாக இறுக்கம் தெரிய வேண்டும். தொளதொளவென்று போனால் அளவு சின்னது, கம்பி வளைந்தால் பெரியது. உங்கள் வாய்க்கு முன்பல்லுக்கு ஒன்று, கடைவாய்க்கு ஒன்று என்று இரண்டு அளவாவது தேவைப்படும், பல் மருத்துவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே எந்த இடுக்குக்கு எது என்று போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முதல் வாரம் ரத்தம் வரும். பயந்து நிறுத்திவிடாதீர்கள், இரவில் ஒரு முறை தினமும் போட்டால் இரண்டு வாரத்தில் குறையும். குறையவே குறையாத இடம் எதுவோ அதைக் குறித்து வையுங்கள், அங்கேதான் காரை மிச்சம் இருக்கும்.

போகும்போது எல்லாப் பற்களின் பாக்கெட் அளவையும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், சுத்தம் செய்வதற்கு முன் எடுத்தது, இப்போது எடுப்பது இரண்டும். ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளந்திருப்பார்கள். மூன்று மாதம் கழித்து எடுக்கும் அளவையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள், முன்பல் ஈறு இறங்கியதா என்பதையும்.